லிவர்பூல் விலையும் நாகலாபுரத்துப் பருத்தியும்

கரிசல் நிலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மழையைப் பற்றியே எழுதுவர். ‘வானம் பார்த்த பூமி’ என்னும் அடைமொழி அந்நிலத்திற்கு நிலைத்துவிட்டது. ஆயினும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர் எனப் பரந்து கிடக்கும் இவ்வட்டாரத்தார் வானத்தை மட்டும் பார்த்திருந்தவர்கள் அல்லர்; கடலையும் பார்த்திருந்தவர்கள். இவர்கள் விளைத்த பருத்தி இங்கிலாந்துக்குச் சென்றது. மருந்துச் சரக்கான நிலாவாரை ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குச் சென்றது. மிளகாய் வற்றல் இலங்கைக்குச் சென்றது. மழை பொய்த்தால் விளைச்சல் பொய்த்தது. மழை பெய்தும், தொலைவில் எங்கோ விலை சரிந்தால் பலன் பொய்த்தது.

ஆகவே, தொலைநாட்டுச் சந்தையைப் பற்றிய செய்தி இந்நிலத்தில் மழைச் செய்திக்கு நிகரான ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. அச்செய்தி எவ்வழியில் வந்தது? யார் கையை முதலில் அடைந்தது? அடைந்த பின் சிறு வணிகன் அதனை வைத்து என்ன செய்தான்? கரிசலின் வணிக வரலாற்றை இக்கேள்விகளின் வழியே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சந்தைச் செய்தி இருவகைப்படும். ஒன்று, இன்று என்ன விலை என்பது. மற்றொன்று, வாங்குவோனுக்கு எத்தகைய சரக்குத் தேவை என்பது. முதலாவது விரைந்து வந்தது. இரண்டாவது மெல்ல வந்தது. கரிசல் வணிகத்தின் ஏற்றமும் தாழ்வும் பெரிதும் இந்த இடைவெளியைப் பொறுத்தே அமைந்தன.

பாளையமும் துறைமுகமும்

நாகலாபுரம் பாளையக்காரர் காலத்துப் பழைய ஊர். 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது, கட்டபொம்மனின் அமைச்சராக விளங்கிய சுப்பிரமணிய பிள்ளை இவ்வூரில்தான் கும்பெனியாரால் தூக்கிலிடப்பட்டார். எதிர்த்து நின்ற பாளையங்களுள் ஒன்றென்று நாகலாபுரமும் பறிக்கப்பட்டது. வீரத்தின் வரலாற்றில் இவ்வூர் பெற்ற இடம் அது. வணிக வரலாற்றில் அதன் இடம் வேறு: துறைமுகத்திற்கு உள்நாட்டில், கரிசலின் நடுவே, வண்டிப் பாதையில் அமைந்த பருத்தி ஊர்.

தூத்துக்குடித் துறைமுகம் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் வசமாயிற்று. அக்காலத்தில் அத்துறையின் முதன்மையான ஏற்றுமதிச் சரக்குகளுள் ஒன்று துணி. ஐரோப்பியக் கும்பெனிகள் தமக்குத் தேவையான துணியின் மாதிரியைக் காட்டி, முன்பணம் கொடுத்து, உள்ளூர் வணிகர் வழியே நெசவாளரிடம் நெய்வித்துக் கொண்டன. அம்மாதிரித் துணியே நெசவாளனுக்குக் கிடைத்த சந்தைச் செய்தி. நீளம், அகலம், இழை நெருக்கம், சாயம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கியிருந்தன. எந்த நாட்டில் யார் அதை உடுத்துவர், என்ன விலைக்கு விற்கும் என்பவை மட்டும் அதில் இல்லை. அவை கும்பெனியின் கணக்கேடுகளில் இருந்தன.

1801க்குப் பின் ஆட்சி முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. தறித்துணியின் இடத்தை மெல்ல மெல்ல மூலப் பருத்தி பிடித்தது. தீர்வையும் ஜமீன் வரியும் தவணை தவறாமல் பணமாகக் கட்ட வேண்டியிருந்ததால், உழவன் விலையைப் பார்த்து விற்றதைவிடத் தவணையைப் பார்த்து விற்றதே மிகுதி. விலைச் செய்தி அவன் வாயிலுக்கே வந்திருந்தாலும், காத்திருக்க இயலாதவனுக்கு அதனால் பயன் சிறிதே.

போர் தந்த விலை

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. இலங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி செல்வது நின்றது. போருக்கு முன் பவுண்டுக்கு ஏறத்தாழ 7 பென்சாக இருந்த அமெரிக்கப் பருத்தி, 1864இல் லிவர்பூல் சந்தையில் 30 பென்சு அளவை எட்டியது. இந்தியப் பருத்தியின் விலையும் அதைத் தொடர்ந்து ஏறியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காடுகளில் தவசம் விளைந்த நிலங்களிலும் பருத்தி விதைக்கப்பட்டது.

இக்காலத்தில் செய்தி எந்தத் திசையில் பாய்ந்தது என்பது கருதத்தக்கது. அமெரிக்காவையே நம்பியிருத்தல் ஆகாது என்று கருதிய ஆலை முதலாளிகள் 1857இலேயே மான்செஸ்டரில் பருத்தி வழங்கல் சங்கத்தை நிறுவியிருந்தனர். 1862இல் டால்பாய்ஸ் வீலர் என்பவர் சென்னை மாகாணத்தின் பருத்திச் சாகுபடியைப் பற்றி ஒரு கைந்நூலைத் தொகுத்தார். எந்தச் சீமையில் எந்த மண், என்ன விதை, என்ன செலவு, துறைமுகத்திற்கு எது வழி என்பன போன்ற செய்திகள் ஆங்கிலத்தில் அச்சேறின. கரிசலைப் பற்றி மான்செஸ்டர் அறிந்துகொண்டது. மான்செஸ்டரைப் பற்றிக் கரிசலுக்குச் சொல்லும் நூல் எதுவும் தமிழில் அன்று தோன்றவில்லை.

1865 ஏப்ரலில் போர் முடிந்தது. விலை சரிந்தது. பம்பாயில் பருத்திப் பணத்தை நம்பி எழுந்த பங்கு வணிகம் அவ்வாண்டிலேயே குலைந்து, வங்கிகளும் செல்வக் குடும்பங்களும் நொடித்தன. கடிதம் கடல் கடந்து வர ஒரு திங்களுக்கு மேலாகும் காலம் அது. கடிதம் புறப்பட்ட நாளின் விலைக்கும் அது வந்து சேர்ந்த நாளின் விலைக்கும் உறவே இல்லாமற் போவதுண்டு. ஏறும் விலையை நம்பிச் சரக்கை இருப்பு வைத்தவன், செய்தி வரும் முன்பே கெட்டிருப்பான். தான் கெட்டதை மட்டும் பின்னர் அறிவான்.

தந்தியும் கண்டியும்

1865இல் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. 1870இல் கடலடிக் கம்பி வழியாக அது உறுதி பெற்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பத்தாண்டுக் காலத்தில் கடல் சுருங்கியது, நிலமும் சுருங்கியது. இரயில் நாகலாபுரத்தைத் தொடவில்லை. கோவில்பட்டி வழியே சென்றது. ஆகவே கோவில்பட்டி செய்தியின் நிலையமாயிற்று. நாகலாபுரத்தாருக்கு வண்டிக்காரரும் தரகரும் சந்தை கூடும் நாளும்தான் தந்தியாயின.

தந்தி கொண்டுவந்தது விலை மட்டுமே. சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் பெரிய வணிக இல்லங்கள் சங்கேதச் சொற்களைப் பயன்படுத்தின. ஒரு சொல்லில் ஒரு முழு வாக்கியம் அடங்கும். அச்சங்கேத ஏடு இல்லாதவனுக்குத் தந்தி கையிலிருந்தும் பயனில்லை. ஏடு இருந்தாலும் கணக்கு எளிதன்று. லிவர்பூலில் விலை பவுண்டு எடைக்குப் பென்சில் கூறப்படும். தூத்துக்குடியில் கண்டிக்கு ரூபாயில் பேசப்படும். சென்னை மாகாணத்தில் ஒரு கண்டி 500 பவுண்டு. பம்பாயில் 784 பவுண்டு. ‘கண்டிக்கு இன்ன விலை’ என்று காதில் விழுந்த செய்தி எந்த ஊர்க் கண்டியைக் குறித்தது என்று வினவாதவன், கேட்ட செய்தியாலேயே ஏமாறுவான்.

நாணய மாற்று மற்றொரு கண்ணி. கணக்குக்காக லிவர்பூலில் பவுண்டு 5 பென்சு என்று வைத்துக்கொண்டால், 500 பவுண்டுக் கண்டி ஒன்றின் மதிப்பு 2,500 பென்சு. ஒரு ரூபாய் 2 ஷில்லிங்காக, அதாவது 24 பென்சாக இருந்தபோது அது 104 ரூபாய் 2 அணா 8 பை. ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்சாக இறங்கியபோது அதுவே 156 ரூபாய் 4 அணா. 1870களில் தொடங்கி 1893 வரை வெள்ளியின் விலை வீழ்ந்ததால் ரூபாயின் மதிப்பு இவ்வாறு இறங்கிக்கொண்டே வந்தது. லிவர்பூலில் விலை மாறாதபோதும், குறைந்தபோதும்கூடத் தூத்துக்குடியில் ரூபாய் விலை நிலைத்து நிற்கக் காரணம் இதுவே. இக்கணக்கில் கப்பற்கூலி, காப்பீடு, பஞ்சை அழுத்திச் சிப்பம் கட்டும் கூலி, கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்குச் சரக்கைச் சேர்க்கும் தோணிக் கூலி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். விதையோடு வாங்கிய பருத்தியில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகும் என்பதையும் சேர்க்க வேண்டும். இவ்வளவும் கூட்டிக் கழித்த பிறகே நாகலாபுரத்துக் களத்தில் கொடுக்கத்தக்க விலை தெரியவரும்.

இக்கணக்கை அன்றாடம் போடும் ஆற்றல் ராலி, வோல்கார்ட் போன்ற அயல்நாட்டு வணிக இல்லங்களுக்கும், ஹார்வி சகோதரர் போன்ற ஆலை முதலாளிகளுக்கும் இருந்தது. ஹார்வியின் பாபநாசம் ஆலை 1885இலும், பின்னர் 1908இன் வேலைநிறுத்தத்தால் புகழ்பெற்ற தூத்துக்குடி கோரல் மில் 1888இலும் தொடங்கின. சிறு வணிகன் இக்கணக்கின் முடிவை மட்டும் தரகர் வாயிலாகக் கேட்டான். முடிவை அறிந்தவனுக்கும் கணக்கை அறிந்தவனுக்கும் இடையே இருந்த தொலைவுதான் இலாபத்தின் பெரும்பகுதி.

அறிவு மட்டும் போதாது என்பதற்கு எட்டயபுரத்திலேயே ஒரு சான்று உண்டு. பாரதியின் தந்தையார் சின்னச்சாமி ஐயர் கணிதத்திலும் எந்திர நுட்பத்திலும் தேர்ந்தவர். பருத்தி விளையும் மண்ணிலேயே பருத்தி ஆலை நிறுவ முற்பட்டார். அம்முயற்சி நிலைக்கவில்லை; பொருளிழந்து 1898இல் மறைந்தார். தமிழ்க் கவிதை வரலாறு மகனின் வறுமையைப் பேசும்போதெல்லாம், அதன் பின்னணியில் ஒரு பருத்தி ஆலையின் தோல்வி நிற்கிறது.

புளிச்சை கெடுத்த பெயர்

விலைச் செய்தியை மட்டும் நம்பிய வணிகம் எங்கே இடறும் என்பதற்குப் புளிச்சைப் பருத்தியின் கதை தெளிவான எடுத்துக்காட்டு. கரிசலில் விளைந்த உப்பம், கருங்கண்ணி என்னும் வகைகள் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்னும் பெயரில் வெளிநாட்டுச் சந்தையில் தனி மதிப்புப் பெற்றிருந்தன. கருங்கண்ணி நல்ல இழை நீளமுடையது. புளிச்சையோ இழை குறுகியது. ஆனால் அரைத்தால் பஞ்சு மிகுதியாகக் காணும். பார்வைக்கு வெண்மையாகவும் இருக்கும். எடைக்குப் பணம் என்று விலை பேசும் சந்தையில், பஞ்சு மிகுதியாகக் காணும் சரக்கையே உழவன் விரும்பினான். வெண்மையான பஞ்சைக் கலந்தால் சிப்பம் எடுப்பாகத் தோன்றும் என்று வணிகன் எண்ணினான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலப்படம் பெருகியது.

உழவனும் வணிகனும் சந்தையை அறியாமல் இதைச் செய்யவில்லை. உள்ளூர்ச் சந்தை அவர்களுக்குச் சொன்ன செய்தியை நன்கு அறிந்தே செய்தார்கள். நூற்கும் ஆலையில் அந்த இழை அறுந்துபோகும் என்ற செய்திதான் அவர்களை அடையவில்லை. அடைந்தபோதும் அது தனிப்பட்ட எவனுடைய விலையையும் பாதிக்கவில்லை. கலந்தவனுக்கு இலாபம் இன்றே கிடைத்தது. கெட்ட பெயர் சீமை முழுவதற்கும் நாளை கிடைத்தது.

இதைச் சீர்செய்ய நேரிட்டபோது தனி வணிகர் எவராலும் இயலவில்லை. 1901இல் கோவில்பட்டியில் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை, கருங்கண்ணியிலிருந்து நல்ல விதைகளைத் தெரிந்தெடுத்துப் பரப்பியது. 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைந்தது. ஒரு வட்டாரத்துப் பருத்தியை மற்றொரு வட்டாரத்துக்குக் கொண்டுவந்து கலப்பதைத் தடுக்க 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டமும், அரவை ஆலைகளையும் சிப்பம் கட்டும் ஆலைகளையும் ஒழுங்குபடுத்த 1925இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. ஆலையின் தேவையை விதையாக மாற்றி உழவன் கையில் கொடுத்தது கோவில்பட்டிப் பண்ணை. தொலைநாட்டு நூற்பாலையின் குறை கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த மிகப் பயனுள்ள வடிவம் அந்த விதைதான்.

பேட்டையும் மகமையும்

பெரிய நிறுவனங்களுக்குத் தந்தியும் முகவரும் இருந்தனர். சிறு வணிகருக்கு என்ன இருந்தது? தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர் 19ஆம் நூற்றாண்டில் அமைத்துக்கொண்ட பேட்டைகள் இதற்கு ஒரு விடை. வண்டி கட்டி ஊர் ஊராகச் செல்லும் வணிகர் இரவில் தங்கவும், மாடுகளைக் கட்டவும், சரக்கைக் காப்பாக இறக்கி வைக்கவும் சுவர் சூழ்ந்த பேட்டை பயன்பட்டது. அங்கு இறக்கி ஏற்றும் சரக்கின் மீது தண்டிய மகமை பொதுப்பணமாயிற்று. அப்பணம் கோயிலாகவும் பள்ளியாகவும் பின்னாளில் மாறியது. பல ஊர் வணிகர் ஓரிரவு ஒன்றாய்த் தங்குமிடத்தில் பல ஊர் விலையும் ஒன்றாய்த் தங்கும். எந்த ஊரில் வாங்குவோர் மிகுதி, எந்தத் தரகர் எடையில் நேர்மையானவர், எந்தக் கடையின் கடன் வசூலாகாது என்பன அச்சேறாத செய்திகள். அவற்றைத் தந்தி ஒருபோதும் சொல்லியதில்லை.

பேட்டை செய்தியைக் கொடுத்ததோடு காத்திருக்கும் வலிமையையும் கொடுத்தது. இறக்கி வைக்க இடமும், தம்முள் கடன் பெறும் வழியும் இருந்தவனால் விலை தாழ்ந்திருக்கும் நாளில் விற்காமல் இருக்க முடிந்தது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட நாடார் வங்கி, பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர்பெற்றது. அவ்வழக்கத்தின் நீட்சியாகவே அதனைக் கருத வேண்டும்.

தேவையை நேரில் சென்று அறியும் மரபும் இவர்களிடம் இருந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் தொழில் தொடங்கினர். அத்தொழில் கோவில்பட்டி வட்டாரத்திலும் பரவி, மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் குடும்பங்களுக்குக் கூலி தந்தது. விலைப்பட்டியலைப் படித்து எழுந்த தொழிலன்று அது. பட்டறையில் நின்று பார்த்து எழுந்த தொழில்.

நிலாவாரையும் மிளகாயும்

பருத்திக்குப் பின் கரிசலின் சிறு ஏற்றுமதியாளர்க்குக் கைகொடுத்த சரக்குகளுள் நிலாவாரை குறிப்பிடத்தக்கது. ‘திருநெல்வேலி சென்னா’ என்று உலக மருந்து நூல்கள் குறிக்கும் இவ்விலையைப் பல ஊர்களில் அவுரி என்றும் அழைப்பர். நீலம் எடுக்கும் அவுரி வேறு. பெயர் ஒன்றாய்ச் சரக்கு இரண்டாய் இருப்பதும் வணிகத்தில் ஓர் இடர்தான். நெடுங்காலம் இலையின் அளவு, பசுமை, ஒடியாமை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். 1941இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் குழுவினர் இவ்விலையின் மருந்துப்பொருளான சென்னோசைடைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் வாங்குவோர் இலையின் அழகைவிட அதிலுள்ள மருந்துப்பொருளின் விழுக்காட்டைக் கேட்கலாயினர். எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும், நிழலில் உலர்த்துவதா வெயிலில் உலர்த்துவதா என்னும் வினாக்களுக்கு அப்போது புதிய பொருள் உண்டாயிற்று.

மிளகாய் வற்றலின் கதை அரசியலோடு பிணைந்தது. 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து உழவர் அக்காலத்தில் செழித்தனர். 1977இல் இறக்குமதி தளர்ந்ததும் அவர்கள் நலிந்தனர். ஒரே செய்தி பாக் நீரிணையின் ஒரு கரையில் மகிழ்ச்சியாகவும் மறுகரையில் துயரமாகவும் கேட்டது. தூத்துக்குடியில் சரக்கு ஏற்றுவோர் வானிலையோடு கொழும்பின் வரவுசெலவுத் திட்டத்தையும் படிக்க வேண்டியிருந்தது.

2003இல் ஐரோப்பிய நாடுகளில் மிளகாய்த் தூளில் சூடான் சாயம் கண்டுபிடிக்கப்பட்டபோது, நறுமணப்பொருள் வாரியம் ஏற்றுமதிக்கு முன் சோதனையைக் கட்டாயமாக்கியது. பூஞ்சணத்தால் உண்டாகும் அஃபிளடாக்சின் பி1 என்னும் நச்சு ஒரு கிலோ மிளகாயில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது ஐரோப்பிய வரம்பு. மிளகாயை மண் களத்தில் உலர்த்துவதா, விரிப்பின் மீது உலர்த்துவதா என்பதில் அந்த ஏற்றுமதியின் விதி அடங்கியிருக்கிறது. புளிச்சையின் காலத்தில் குறை கண்ணுக்குத் தெரிந்தது, இக்குறை தெரிவதில்லை. நல்ல சிவப்பு, நல்ல காரம், நல்ல மணம் இருந்தும் சரக்குத் திரும்பி வரலாம்.

செய்தியும் அதன் உரிமையும்

வானொலி விலை சொன்னது; செய்தித்தாள் விலை அச்சிட்டது. சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933இல் வந்து, 1936இல் திருப்பூரில் பருத்திக்கான ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது. 2016இல் மின்னணுத் தேசிய வேளாண் சந்தை தொடங்கியது. இன்று நாகலாபுரத்துக் களத்தில் நிற்பவர் கைப்பேசியில் தொலை ஊர்களின் விலையை நொடியில் அறிகிறார். தந்தி அலுவலகத்தின் வாயிலில் காத்திருந்த தலைமுறைக்கு இது கனவாக இருந்திருக்கும்.

ஆயினும் பழைய இடைவெளி முற்றிலும் மறைந்துவிடவில்லை. விலையை அறிந்தும் அறுவடைக்கு முன்பே கடனுக்குச் சரக்கை ஒப்புக்கொண்டவர் இன்றும் உளர். விலைச் செய்தி எல்லார்க்கும் ஒன்றாகிவிட்டபோது, வேறுபாட்டை உண்டாக்குவது தரச் செய்திதான். அதனை ஒருவர் தனித்துப் பெறுவதும் காப்பதும் அரிது. தூத்துக்குடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. ஒரு மூட்டைக்காரர் தனியே அங்குச் செல்லமாட்டார். ஓர் ஊரார் சேர்ந்து செல்லலாம்.

சேர்ந்து செல்வதன் பயனுக்குக் கோவில்பட்டியே அண்மைச் சான்று. கரிசல் நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வேண்டி அங்குள்ள உற்பத்தியாளர் சங்கம் 2014இல் விண்ணப்பித்து, 2020இல் அதனைப் பெற்றது. சிறு கடைக்காரர் பலர் கூடித் தம் ஊர்ப் பெயரைச் சட்டத்தால் காத்துக்கொண்டனர். நூறாண்டுக்கு முன் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்னும் பெயருக்கு அக்காவல் இல்லை. அவரவர் ஒரு பிடி புளிச்சை கலந்தனர், பெயர் தேய்ந்தது. நாகலாபுரத்து மிளகாய் இவ்விரண்டில் எவ்வழியில் செல்லப்போகிறது என்பது விலைப்பலகையில் எழுதப்படுவதில்லை. அது களத்தில் விரிக்கப்படும் ஒரு விரிப்பிலும், ஊரார் ஒன்றுகூடிப் பேசும் ஒரு மாலைப்பொழுதிலும் முடிவாகிறது.